நகத்தால் இழுத்துப் பார்

ஜனவரி 11, ஞாயிறு

அன்புள்ள லுபோஷுக்கு,

போஹுஷ் எழுதுகிறேன். நீயும் இவேத்தாவும் குட்டி க்ளார்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெட்டியைத் தூக்கியதுமே உள்ளே இருப்பது என்னவென்று உன் கைக்குத் தெரிந்திருக்கும். அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதைப் படித்து முடி. பாதியில் கோபம் வந்து கிழித்துப் போட்டாலும் போடு, கடைசிப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள். அதில் உனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. இருபது வருஷத்தில் உனக்கு நான் எழுதியதெல்லாம் உன் ஸ்கேட்ஸ் பையில் ஒட்டிய துண்டுச் சீட்டுகள்தான். வலது கயிறு மாற்றியாச்சு, ரெண்டாவது ஜோடி ரெடி, இப்படி. போனில் பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆலெனா விடவில்லை. "போன்ல ஆரம்பிச்சா நீ பாதியில பனி பெய்யுது, குளிருதுன்னு பேசிட்டு வச்சிடுவே. எழுது. எழுத்துல மென்னு முழுங்க முடியாது" என்றாள். முப்பத்தோரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், அளந்து வைத்திருக்கிறாள்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் ஐஸ் ஹாக்கி அணி ஒன்பதாவது இடத்தில் இருக்கிறது, மேலே போகிற அறிகுறியே இல்லை. தடுப்பில் இரண்டு பேருக்குத் தோள் போய்விட்டது. முன்வரிசையில் ஒருவன் ஸ்வீடனுக்குப் போய்விட்டான். ரூஷெனாவின் சாசேஜ் கடை அதே மூன்றாவது வாசலில்தான், அவள் வாயும் அதேதான். போன சனிக்கிழமை ஐந்து கோல் வாங்கித் தோற்றபோது பானையைக் கரண்டியால் தட்டி, "இந்தப் பானைக்குள்ள கெடக்குற சாசேஜ் இவனுங்களைவிட வேகமா ஓடும்டா!" என்று கத்தினாள். கோல்கீப்பர் வரைக்கும் கேட்டது. ஸ்டேடியக் கூரை தெற்குப் பக்கம் ஒழுகுகிறது. உன் பதினேழாம் நம்பர் சட்டை அங்கேயேதான் தொங்குகிறது, நனையவில்லை.

எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் இவேத்தா ஆலெனாவைக் கூப்பிட்டாள். ஆலெனா மீன் முள் எடுத்துக்கொண்டிருந்ததால் போனை மேஜையில் வைத்துப் பேசினாள். நான் பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட்டோடு உட்கார்ந்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. உனக்குத் தலைவலியே வருவதில்லையாம். மரம் அறுக்கிற ஆலையில் உன்னை எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். நன்றாகத் தூங்குகிறாயாம். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. செய்தது சரிதான் போஹுஷ், என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். க்ளார்காவுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஸ்கேட்ஸ் வாங்கிக் கொடுத்தீர்களாம். வீட்டுக்குப் பின்னால் குளம் உறைந்திருக்கிறதாம். பிள்ளை உன் கையைப் பிடித்து இழுத்தாளாம், வா அப்பா, சொல்லிக்கொடு என்று. நீ சொன்னாயாம்: "அப்பாவுக்கு ஸ்கேட்டிங் வராதுடா செல்லம். அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

சொல்லும்போது சிரித்தவள் சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். "அந்த மனுஷன் உசிரோட இருந்தாப் போதும்னு நான்தான் வேண்டிக்கிட்டேன் ஆலெனா. அதிகமா வேண்டிக்கிட்டேனோ என்னவோ" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அன்று மாலைதான் ஆலெனாவிடம் முதல்முதலாக வாயைத் திறந்தேன். அவளிடம் சொன்னதை இப்போது உனக்குச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் பதினான்காம் தேதியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் மூன்று வருஷம் பின்னே போகிறேன், பொறுத்துக்கொள். அந்த பிப்ரவரி ஆட்டத்தில் உன்னைச் சுவரோடு சேர்த்து இடித்தார்களே, ஐஸில் முதலில் ஓடி வந்தவன் நான்தான். வழுக்கி முட்டியில் விழுந்து ஊர்ந்து வந்தேன். உன் தலையை மடியில் வைத்தேன். நீ கண்ணைத் திறந்து, "பெரிசு, ஸ்கோர் என்ன?" என்றாய். மூன்றுக்கு இரண்டு, நாம்தான் முன்னால் என்றேன். கொஞ்ச நேரம் போனது. "பெரிசு, ஸ்கோர் என்ன?" என்றாய். ஆறு முறை கேட்டாய். அது உனக்குத் தலையில் மூன்றாவது அடி. ஐந்து மாதம் திரை போட்ட அறையில் கிடந்தாய், வெளிச்சம் பட்டால் வாந்தி எடுத்தாய். பிறகு ஓய்வு பெறுகிறேன் என்று நீயே அறிவித்தாய், சட்டையைக் கூரைக்கு ஏற்றினோம், ஊரே எழுந்து நின்றது. விரிசல் விட்ட அந்த ஹெல்மெட்டை நான் தூக்கி எறியவில்லை. அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தேன்.

ஆகவே போன ஆகஸ்டில் நீ வந்து கதவில் சாய்ந்து நின்று, "பெரிசு, சாணை ஓடுதா? திரும்பி வரலாம்னு இருக்கேன்" என்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வந்த மாதிரி நடித்தேன். "முப்பத்தேழு வயசுல என்னடா, இடுப்புல எண்ணெய் விடணும்" என்று கிண்டல் செய்தேன். பிராக் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீ காட்டினாய். எல்லாப் பரிசோதனையும் தெளிவு, ஆடலாம், ஆனால் அடுத்த அடி எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று போட்டிருந்தது. முதல் பாதியை நீ படித்தாய். நான் இரண்டாம் பாதியைப் படித்தேன்.

பயிற்சியாளர் ஹினெக் அக்டோபர் பதினான்காம் தேதி ஒரு நாள் சோதனைக்குச் சம்மதித்தார். தேறினால் அன்றைக்கே ஒப்பந்தம்.

முந்தைய நாள் காலையிலேயே உன் பிளேடைத் தீட்டி முடித்தேன். உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு ஆறும். பிளேடின் அடியில் நீளவாக்கில் பள்ளம், உனக்குப் பிடித்த ஆழத்தில். இரண்டு பக்கமும் விளிம்பு, மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லாமல். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நன்றாக நான் யாருக்கும் தீட்டியதில்லை. துடைத்து அலமாரியில் உன் தட்டில் வைத்தேன்.

மத்தியானம் இவேத்தா வந்தாள். நீ அவள்மேல் கோபப்படக் கூடாது, அதனால் அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். சாணைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. "நான் சொன்னா கேக்கலை, அவங்கம்மா சொன்னாலும் கேக்கலை. ஐஸ் சொன்னாத்தான் கேப்பேங்கிறாரு. நீங்களாவது நாளைக்குப் பக்கத்துலயே நில்லுங்க, போஹுஷ். விழுந்தா முதல்ல நீங்க போங்க." அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்தில் நிற்கச் சொன்னாள். மற்றதெல்லாம் என் புத்தி. அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அவள் போன பிறகு உன் ஸ்கேட்ஸைத் தட்டிலிருந்து எடுத்தேன். விளிம்பைத் தேய்க்கிற கைக்கல்லை எடுத்தேன். இடது காலுக்கு வெளி விளிம்பு, வலது காலுக்கு உள் விளிம்பு, கூர் மழுங்க இரண்டு இரண்டு இழுப்பு. நாலே இழுப்பு, லுபோஷ். மூக்குச் சிந்துகிற நேரம்கூட ஆகவில்லை. நேராக ஓடினால் தெரியாது, வலது பக்கம் திரும்பினால் தெரியாது. முழு எடையையும் சாய்த்து இடது பக்கம் திரும்பும்போது மட்டும் கால் பிடிக்காது. கோலுக்குப் பின்னாலிருந்து இடதுபுறமாக வளைந்து வருவாயே, ஊரே எழுந்து நிற்குமே, அந்தத் திருப்பம்.

நம் அறையில் பிளேடை வாங்குகிற எவனும் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து இழுத்துப் பார்ப்பான். வெள்ளையாகச் சீவல் வந்தால் கூர் இருக்கிறது. வராவிட்டால், "என்னய்யா தீட்டியிருக்கே, இதுல வெண்ணெய்கூட வெட்டாது" என்று என் தலைக்கே வரும். இருபது வருஷத்தில் நீ ஒருத்தன்தான் ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை. வாங்குவாய், கட்டுவாய், போவாய். புதிதாக வந்த ஒருவன் ஏன் என்று கேட்டதற்கு, "பெரிசு கை பட்டதை நான் எதுக்குடா பாக்கணும், என் நகத்துக்கு என்ன கேடு" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அன்று வீட்டுக்குப் போய் ஆலெனாவிடம் நாலு தடவை சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்த நம்பிக்கையில்தான் நான் கை வைத்தேன். வேறு யாருடைய ஸ்கேட்ஸிலும் இது பலித்திருக்காது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாதி ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. பதினேழு கூரையில் இருந்ததால் உனக்கு நாற்பத்தெட்டைக் கொடுத்தேன். ரூஷெனா சும்மா இருப்பாளா, "மேல தொங்குறவரே கீழ எறங்கி வந்துட்டாரு, எல்லாரும் கும்பிட்டுக்குங்க!" என்றாள். நீ மட்டையைத் தூக்கி அவளை ஆசீர்வதித்தாய். பிறகு ஓட ஆரம்பித்தாய். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன்! இருபத்திரண்டு வயதுப் பையன்கள் மூச்சு வாங்கினார்கள், நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பக் வட்டு உன் மட்டையில் வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து ஹினெக் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இவன் ஆடுவான், இவனால் முடியும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் கோலுக்குப் பின்னால் போனாய், இடது பக்கம் சாய்ந்தாய், விழுந்தாய். எழுந்து மறுபடி போனாய், மறுபடி விழுந்தாய். வேறு எவனாக இருந்தாலும் அப்போதே பெஞ்சுக்கு வந்து "பிளேடைப் பாருய்யா" என்று கத்தியிருப்பான். கைக்கல் என் கோட்டுப் பையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வாடா, வந்து ஒரு வார்த்தை கேளுடா, சாணையில் போட்டு ஒரு நிமிஷத்தில் சரிசெய்து தருகிறேன் என்று எனக்குள் கெஞ்சினேன். ஹினெக்கே உன்னிடம் கேட்டார்: "பிளேடைப் பாக்கச் சொல்லவா?" நீ சொன்னது பெஞ்ச் வரைக்கும் கேட்டது. "போஹுஷ் தீட்டினது. பிளேடுல ஒண்ணும் இருக்காது."

மூன்றாவது முறை நீ விழவில்லை. தளும்பத் தளும்பச் சூப் கிண்ணம் எடுத்துப் போகிறவனைப் போல மெதுவாக, காலை அகட்டி அந்த வளைவைச் சுற்றி வந்தாய். விழுந்தபோது சத்தம் போட்ட ஊர் அப்போது வாயைத் திறக்கவில்லை. ரூஷெனாகூட.

உடைமாற்றும் அறையில் நீயே கயிற்றை அவிழ்த்து ஸ்கேட்ஸை என் கையில் கொடுத்தாய். "நீ நல்லாத்தான் தீட்டியிருக்கே பெரிசு. காலுதான் கெழடாயிடுச்சு. இதை நீயே வச்சுக்க" என்று என் தோளைத் தட்டினாய். நீ எனக்கு ஆறுதல் சொன்னாய்! நான் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தேன். அந்தக் கணத்தில் பேசியிருக்கலாம். நாலு இழுப்பைக்கூட நான் என்றைக்காவது மன்னித்துக்கொள்வேனோ என்னவோ, அந்த வாய்மூடலை மன்னிக்க முடியாது.

உன்மேல் உள்ள பாசத்தில் செய்தேன் என்று எழுத உட்கார்ந்தேன், ஆலெனா தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "பயத்துல செஞ்சேன்னு எழுது" என்றாள். அவள் சொன்னதுதான் உண்மை. உன் தலையை இன்னொரு முறை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கோர் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அது என் பயம். அதற்கு உன் காலை விலையாகக் கொடுக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

போன திங்கட்கிழமை ஹினெக்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு அந்தத் திருப்பம் ஒண்ணு சரியா இருந்திருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கியிருப்பேன்யா" என்றார். பிறகு, "சாவியை மேஜையில வை" என்றார். வைத்தேன். எனக்கு நேரம் நிறைய இருப்பதாகச் சொன்னேனே, காரணம் இதுதான். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பிளேடில் கை வைத்தவனை எந்தக் கிளப்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்று மட்டும் கேட்டேன், கடைசியாகப் பத்து நிமிஷம் சாணை வேண்டும் என்று. அவரும் கூடவே வந்து நின்றார். உன் ஜோடியைத் தீட்டினேன். நன்றாக வந்தது. முடித்ததும் அவர் கை நீட்டி வாங்கி, நாலு விளிம்பிலும் நகத்தை இழுத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் வேலையைச் சோதித்தது அதுதான் முதல் தடவை. திருப்பிக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்த பிறகு கூப்பிட்டார்: "அவன்கிட்ட கேளு. முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும்தான் ஆள் எடுக்கலாம், அதுவரைக்கும் ஒரு எடத்தைக் காலியா வச்சிருக்கேன். டாக்டர் சீட்டு புதுசா வேணும். மறுபடியும் சோதனை உண்டு, சலுகை கெடையாது." இதை உனக்குச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

நீ திரும்ப ஆட முடியுமா என்று என்னைக் கேட்காதே. அக்டோபரில் உன்னால் முடிந்தது, என் கண்ணால் பார்த்தேன். இப்போது மூன்று மாதம் ஐஸ் தொடாமல் மரம் சுமந்திருக்கிறாய், உனக்கு இன்னும் ஒரு வயது ஏறப்போகிறது. நல்ல பிளேடிலும் நீ விழலாம். விழாமல் ஆடி, நான் பயந்த அடி வரவும் செய்யலாம். வா என்று சொல்லவும் எனக்கு வாயில்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. இவேத்தாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, அவளையும் உட்காரவைத்துப் பேசு. ஆனால் உன் கால் கிழடாகிவிட்டது என்று மட்டும் இனிமேல் நினைக்காதே. அன்று வழுக்கியது உன் கால் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதி மூன்று முறை அடித்துவிட்டேன், காகிதம் ஓட்டையாகிவிட்டது. அதைக் கேட்க இன்னும் தகுதி வரவில்லை. வேறொன்று கேட்கிறேன், அதை மட்டும் செய்.

இப்போது பெட்டியைப் பிரி. அவசரப்பட்டுக் கட்டிக்கொள்ளாதே. வெளிச்சத்தில் உட்கார். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து இழு. இடது கால் வெளிப்பக்கம், உள்பக்கம். வலது கால் வெளிப்பக்கம், உள்பக்கம். நாலு இடத்திலும் வெள்ளையாகச் சீவல் வர வேண்டும். ஒரு இடத்தில் வராவிட்டாலும் தூக்கிக் குப்பையில் போடு. நாலிலும் வந்தால், ஸ்டேடியத்துக்கு வருகிறாயோ இல்லையோ, முதலில் க்ளார்காவைக் கூட்டிக்கொண்டு பின்னால் இருக்கிற குளத்துக்குப் போ. அவளுடைய பிளேடையும் இப்படியே இழுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடு.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருங்கள். இனிமேல் யார் கொடுத்தாலும் சோதித்துப் பார்த்துக் கட்டு, லுபோஷ். தீட்டினது யார் என்று கேட்காதே.

உனக்கு இருபது வருஷம் சாணை பிடித்த
போஹுஷ்